அருணாதேவி காரின் அணையாத விளக்கு

அடி அண்ணாமலையில் அருணாதேவியைத் தெரியாதவர் கிடையாது. தெரியாவிட்டால் ஒரு ஹாரன் அடித்துத் தெரியவைத்துவிடுவாள். கீழ்பென்னாத்தூர்க்காரி. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் வெளிநாட்டுக்காரர்கள் பெட்டியோடு வாசலில் நின்று, வராத காருக்காகக் கையைப் பிசைவதைப் பார்ப்பாள். ‘நாமளே ஓட்டினா இன்னா?’ என்று ஒருநாள் தோசைக்கரண்டியை வைத்துவிட்டுக் கிளம்பியவள்தான். கழுத்து நகையை விற்றுப் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள். அதன்மேல் அவளுக்கு அப்படியொரு ஆசை.

அந்தக் காருக்குத்தான் வியாதி வந்தது. எல்லாக் கதவையும் சாத்தினாலும் உள்ளே மேல்விளக்கு அணையமாட்டேன் என்றது. அதை அணைக்கிற சுவிட்சோ பழைய ஓனர் காலத்திலேயே உடைந்துபோயிருந்தது. ராத்திரியெல்லாம் விளக்கு எரிந்தால் காலையில் பேட்டரி படுத்துவிடும். ஊரே கூடித் தள்ள வேண்டும். எலக்ட்ரீஷியன் பாசில் சொன்னபடி பல்பைக் கழற்றி வைத்தாள். அன்றைக்குப் பார்த்து ஒரு வெள்ளைக்கார அம்மா இருட்டில் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு விமான நிலையம்வரை புலம்பிக்கொண்டே வந்தார். பல்பை மறுபடி மாட்டினாள். கண் பட்டுவிட்டது என்று, வெள்ளிக்கிழமை மட்டும் வண்டிக்கு வைத்த சந்தனப் பொட்டை தினமும் வைக்க ஆரம்பித்தாள். விளக்கு இன்னும் ஜோராக எரிந்தது.

கணவன் சக்திவேலுக்குப் பொறுமை போய்விட்டது. கிரிவலப் பாதையில் கரும்புச்சாறு கடை வைத்திருப்பவன். தினமும் வண்டி தள்ளியே அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

“ராசியில்லாத வண்டி. வித்துடலாம். கீழ்பென்னாத்தூர்லேர்ந்து முருகவேல்னு ஒருத்தர் சாயங்காலம் பாக்க வராரு” என்றான் காலையில்.

“என்னைக் கேட்டியா?”

“எதுக்குக் கேக்கணும்? வந்து பாத்துட்டுப் போவட்டும்.”

வண்டி போனால் மறுபடி தோசைக்கல்தான். சாயங்காலத்துக்குள் வியாதியைக் கண்டுபிடித்தாக வேண்டும். பாசிலுக்குப் போன் போட்டாள். அவன் வேலூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தான்.

“அக்கா, கதவு தொறந்தா தூண்ல சின்னதா ஒரு பட்டன் இருக்கும். கதவு மூடறப்ப அது உள்ள போனாத்தான் லைட் ஆஃப் ஆவும். நாலு கதவுலயும் அழுத்திப் பாரு. கறுப்பா, ரப்பர் போட்டு இருக்கும்.”

பின் கதவு, சரி. அடுத்தது, சரி. இடப்பக்கத்து முன் கதவும் சரி. கடைசியாக டிரைவர் கதவைத் திறந்தாள்.

“டேய் பாசிலு, இங்க கறுப்பா ஒண்ணும் இல்லியே. மஞ்சளாத்தான் ஒண்ணு இருக்குது.”

“மஞ்சளாவா? அப்பிடி ஒரு பட்டனே கிடையாதுக்கா!”

அழுத்தினாள். அசையவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சந்தனம்! அவள் கையால் வைத்த சந்தனம்! நெற்றிபோல உருண்டையாக, பொட்டு வைக்க வாகாக இருக்கிறதே என்று பட்டன் தலையிலேயே ஒவ்வொரு தடவையும் முதல் பொட்டை அப்பியிருக்கிறாள். அது ரப்பருக்குள் இறங்கிக் காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. விளக்கு எரிய எரிய இவள் பொட்டு வைத்திருக்கிறாள். பொட்டு வைக்க வைக்க விளக்கு எரிந்திருக்கிறது.

“அய்யோ, என் புத்திய செருப்பால அடிக்கணும்!” என்றவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவையில் குத்தியிருந்த ஊக்கை உருவி, ஈரத்துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சந்தனம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. பட்டன் முதலில் கொஞ்சம் அசைந்தது, அப்புறம் சரக்கென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. எழுந்து கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

“அணைஞ்சிருச்சு! அணைஞ்சிருச்சுடா பாசிலு!” என்று போனில் கத்தினாள்.

கிரிவலம் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் என்ன ஏதென்று கேட்காமல் “அரோகரா!” என்று பதில் கொடுத்துவிட்டுப் போனது. அருணாதேவி நாலு கதவையும் திறந்து மூடி, திறந்து மூடி, சின்னப்பிள்ளை மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அந்த நேரத்தில்தான் பஸ்ஸில் வந்து இறங்கிய முருகவேலை அழைத்துக்கொண்டு சக்திவேல் வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, குனிந்து தானும் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தான். முருகவேலோ ஏறி உட்கார்ந்து, இறங்கி, கதவைச் சாத்தி, விளக்கு அணைவதைத் திருப்தியாகப் பார்த்தார்.

“கோளாறு இல்லன்னா இன்னும் நல்லதாப் போச்சு. பேசினதுக்கு மேலயே தரேன். இன்னா சக்திவேலு, முடிச்சிக்கலாமா?”

சக்திவேல் மனைவியைப் பார்த்தான். சந்தனம் அப்பிய விரலும் மூச்சுவாங்கலுமாக அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு அந்த முகத்தில் இப்போது இல்லை. அவன் தலையைச் சொறிந்தான்.

“எங்கிட்ட கேட்டா? வண்டி அவங்க வண்டிங்க. அவங்களக் கேளுங்க.”

அருணாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏறுங்கண்ணா, கீழ்பென்னாத்தூர்ல எறக்கி விட்டுர்றேன்” என்றாள்.