குறைத்துச் சொன்ன கணக்கு

நம் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். என் வீட்டுக்காரர் இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. ஊரில் வீடு கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டு, கூட வேலை பார்க்கிறவரை அனுப்பியிருந்தார். அந்தத் தொகை சேர்ந்ததும் வந்துவிடுவதாகப் பேச்சு. ஆகவே மேஸ்திரி சொல்லப்போவது எனக்கு வெறும் தொகை இல்லை. இன்னும் எத்தனை வருஷம் நான் ஒருத்திக்காக உலை வைக்க வேண்டும் என்பதுதான் அது.

மேஸ்திரியோ பிடிகொடுக்காத மனிதர். மனையைச் சுற்றிவந்தார், அங்கங்கே கடப்பாரையால் குத்தினார், வெற்றிலையை மென்றார்.

"ஒரு கணக்காச் சொல்லுங்க மேஸ்திரி."

"எப்பிடி மக்கா சொல்லதுக்கு? வயலாக் கெடந்த எடம்லா. சேறு எம்புட்டு இருக்குன்னு தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்."

கடைசியில் இரண்டு தொகை சொன்னார். கெட்டித் தரை சீக்கிரம் கிடைத்தால் ஒன்று, கிடைக்காவிட்டால் இன்னொன்று. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போதாததற்கு ஆசாரி வேறு. கோலை வைத்து அளந்துவிட்டு, வீட்டுக்காரர் நட்சத்திரத்துக்கு இந்தச் சுற்றளவு பொருந்தாது, கொஞ்சம் கூட்ட வேண்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கப்போகிறவள் நான். கடல் தாண்டி இருக்கும் ஆளின் நட்சத்திரத்துக்கு எதற்குச் சுவர் நீள வேண்டும்? கேட்கவில்லை. கேட்டால் ஊர் வாயில் விழ வேண்டும்.

தோட்டத்திலிருந்து கேட்க வந்தவர் கிளம்பும்போது குறைந்த தொகையைத்தான் சொல்லியனுப்பினேன். சேறு வந்தால் வரட்டும், சங்கிலியை விற்றுக்கொள்ளலாம். எனக்கு ஆள் வேண்டும் என்றிருந்தது. அதில் இன்றைக்கும் வருத்தமில்லை.

முதல் பணம் வந்ததும், மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து அஸ்திவாரம் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்திலேயே கடப்பாரை ணங்கென்றது. மேஸ்திரியே சிரித்துவிட்டார். குறைந்த தொகையே போதும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது என்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சுவர் எழும்பி முடிந்த சமயம் அதே தோட்டத்து ஆள் மறுபடி ஊருக்கு வந்தார்.

"நீங்க சொன்ன தொகை முழுசும் அண்ணன் சேத்துட்டாங்க மைனி."

"அப்போ எப்ப வாறாங்க?"

அவர் செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "வீட்டு வேலைன்னா சொன்ன கணக்குல நிக்காதாம். 'அவ கொறச்சுத்தான் சொல்லியிருப்பா'ன்னாங்க. கையில கூடக் கொஞ்சம் இருக்கட்டும்னு, இன்னும் மூணு வருசம் இருக்கேன்னு தொரைகிட்டச் சொல்லிட்டாங்க."

கணக்கப்பிள்ளை அல்லவா, நான் குறைத்ததைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். ஏன் குறைத்தேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் மேஸ்திரி, ஓடு எப்போது ஏற்றலாம் என்று கேட்டார். அவசரமில்லை என்றேன்.