கை திரும்பும் இடம்

என் அண்ணி ஞானசௌந்தரிக்குப் பிரெஞ்சு கை வழியாகத்தான் வந்தது.

சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் வேலை அவளுக்கு. என் நடு அண்ணன் விஷக் காய்ச்சலில் போன பிறகு, ஏழு வயது மகள் கிரேஸோடு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீர்த்தனை பாடும்போது தட்டும் வீச்சுமாகக் கையால் தாளம் போடுவது அவள்தான். பாட்டு எங்கே தடுக்கினாலும் அவள் கணக்கு தடுக்காது.

பெரிய அண்ணன் கிருபானந்தம் ஒரு முடிவு செய்திருந்தார். தாய் ராத்திரி டியூட்டிக்குப் போய்விட்டால் பெண் பிள்ளையை யார் பார்ப்பது? பள்ளிக்கூடம் திறந்ததும் கிரேஸை வேலூரில் ஒரு விடுதியில் விட்டுவிடுவது. அண்ணி மறுத்துப் பேசவில்லை. அவள் உண்ணும் சோறு மட்டும் குறைந்தது.

அவளோடு வேலை பார்த்த லோயிஸ் காரைக்கால்காரி. சொந்த ஊருக்குத் திரும்பும் முன் அவள்தான் ஒரு வழி சொன்னாள். அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் தேடுகிறார்கள். தங்க வீடு உண்டு, பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. ஒரே தடை பிரெஞ்சு. டாக்டர் சுவிட்சர்லாந்து அம்மாள். அவர் பிரெஞ்சில் இடும் உத்தரவை நர்ஸ் அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் மருந்தில் கை வைக்கலாம். அதனால் ஆள் எடுக்கும்போதே வாயைச் சோதிப்பார்.

லோயிஸ் 'கொடு' என்பதிலிருந்து தொடங்கினாள். நான் கொடுக்கிறேன், நீ கொடுக்கிறாய், அவன் கொடுக்கிறான், அவர்கள் கொடுக்கிறார்கள்: எழுத்தில் சொல்லின் வால் மாறிக்கொண்டே போகிறது, காதுக்கு எல்லாம் ஒரே 'தொன்'. நாம் கொடுக்கிறோம் என்றால் 'தொ-நோன்'. நீங்கள் கொடுக்கிறீர்கள் என்றால் 'தொ-நே'. அங்கே மட்டும் வால் உயிர்பெற்று இன்னோர் அசையாகிறது. வேர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் பாடப்புத்தகத்தில் ஒலிக்காத ஊமை வாலையும் கோடு போட்டுப் பிரித்துத் தனித் துண்டாக வைத்திருந்தார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் உச்சரித்தே பழகிய வாய் அண்ணியுடையது. அவர்கள் கொடுக்கிறார்கள் என்பதைத் 'தொன்-னெந்த்' என்று வால் வரை இழுத்தாள். பல நாள் திருத்தியும் போகவில்லை.

கடைசியில் லோயிஸ் அவள் கையைப் பிடித்துக் கேட்டாள். "கீர்த்தனையில வீச்சு வர்ற எடத்துல நீ சத்தமா போடற? கையத் திருப்பிட்டு சும்மாதான இருக்கற? இதுவும் அதாங்க்கா."

அதன்பிறகு வராத சொல் இல்லை. ஒலிக்கும் அசைக்குத் தொடையில் ஒரு தட்டு. ஊமை வாலுக்குக் கையைத் திருப்பி ஒரு வீச்சு. அடுப்படியிலும் கிணற்றடியிலும் கை தட்டித் தட்டித் திரும்பியது. பெரிய அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, "எழுதறதெல்லாம் படிக்கமாட்டானாம். அப்புறம் எதுக்கு எழுதறான்? மையி தண்டம்" என்பார். அண்ணி குழம்பை ஊற்றிவிட்டுக் கையைத் திருப்புவாள்.

விடுதிக்கு நாள் நெருங்கியது. டாக்டர் அம்மாள் திருப்பதியில் சிநேகிதி வீட்டில் தங்கியிருக்கிறார், உடனே போய்ப் பார் என்று லோயிஸிடமிருந்து தகவல் வந்தது. துணைக்கு நான் போனேன்.

ரயிலில் நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பாகாலா ஸ்டேஷன் வரை ஒழுங்காகத் தட்டியது. அதற்கப்பால் தட்டும் வீச்சும் ஒன்றோடொன்று குழம்பின. "தம்பி, வாயில ஈரமே இல்லடா" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். பாதி புடவையில் சிந்தியது.

டாக்டர் அம்மாள் உயரமானவர். புத்தகத் தமிழ் பேசினார். என்னை வராந்தாவில் உட்காரச் சொன்னார். கதவு திறந்தே இருந்தது. ஒரு கனத்த மருத்துவப் புத்தகத்தை விரித்து, வாசியுங்கள் என்று அண்ணியிடம் நீட்டினார்.

அதைத் தாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

முதல் வரியிலேயே வால் முளைத்தது. தொன்-னெந்த். அடுத்த வரியில் இன்னொன்று. டாக்டர் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி நிறுத்தினாள். அனுமதி கேட்காமலே புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, இடது கையை அகல விரித்து, வலது கையால் அதில் தட்டி அதே வரிகளை மறுபடி சொன்னாள். தட்டு, தட்டு, வீச்சு. ஒரு வாலும் கேட்கவில்லை.

டாக்டர் அம்மாள் அந்தக் கையையே பார்த்தார். என்ன இது என்று கேட்டார். தாளம் என்றாள் அண்ணி.

"பிரசவ அறையில் உங்கள் இரண்டு கைகளும் வேலையாக இருக்குமே. அப்போது எப்படிச் சொல்வீர்கள்?"

கேலியில்லை, நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. கிரேஸின் தகரப்பெட்டிக்கு அண்ணன் வெள்ளைப் பெயின்ட்டில் பெயர் எழுதி வைத்தது நினைவுக்கு வந்தது.

அண்ணி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "காலு சும்மாதானம்மா இருக்கும்."

புத்தகத்தை அவளே எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். புடவைக் கரையின் கீழே கால் பெருவிரல் ஒருமுறை எழும்பித் தரையில் விழுந்தது. வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். ஒரு வால் பாதி வெளியே வந்து உள்ளே போயிற்று. ஆனால் பெருவிரல் நிற்கவில்லை. வீச்சு வரும் இடத்தில் பாதம் சத்தமில்லாமல் பக்கவாட்டில் திரும்பியது. டாக்டர் அம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, புடவைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கம் முடிந்ததும் அவர் சொன்னது கொஞ்சம்தான். முதலில் மூன்று மாதம் பார்ப்போம். அடுத்த மாதம் பிறந்ததும் வாருங்கள். பெண்ணையும் அழைத்து வாருங்கள்.

வெளியே வந்தும் அண்ணி சிரிக்கவில்லை. ஸ்டேஷனில் வாங்கிய இட்லியைத் தின்னச் சொன்னேன். பொட்டலம் மடியிலேயே கிடந்தது. அண்ணனிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். பெரிய அண்ணன் எதிரில் நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"வாணாம் தம்பி. நானே சொல்லணும்."

ரயில் பாகாலாவைத் தாண்டியது. அவள் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. பிரெஞ்சு என்று நினைத்துக் குனிந்து காது கொடுத்தேன்.

"கிரேஸு வேலூருக்குப் போமாட்டா. எங்கூடத்தான் வருவா."

பெஞ்சின் அடியில் பெருவிரல் ஒவ்வோர் அசைக்கும் தட்டியது. அதில் வீச்சே விழவில்லை.