நிதுஷனைப் பார்க்க வந்தவர்கள்

பிறந்தநாள் வீட்டிலோ கோயில் வாசலிலோ யாராவது தோளைப் பிடித்து "என்னைத் தெரியுதோ?" என்று கேட்டால், என் அண்ணன் நிதுஷன் சின்ன வயதிலிருந்தே ஒரே பதிலைத்தான் சொல்வான். "ஓம், தெரியும்." உண்மையில் யாரையும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் புலம்பெயர்ந்து வந்த ஹேர்னிங்கில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மாமாமார் எல்லாரும் ஒரே மாமாவாகத்தான் தெரிந்தார்கள். கேட்டவர் மனம் குளிர்ந்து அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்.

அவன் வளர்ந்து, பிரான்சில் ஒரு சின்ன நகரத்துக் கழகத்தில் சம்பளத்துக்கு ரக்பி விளையாடப் போனான். அப்பா கோணேஸ்வரன் கேட்டவர்களிடம் "பிரான்சில வேலை" என்று மட்டும் சொல்லிவந்தார். போன வருடம் மார்ச்சில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் அண்ணனின் தலையில் இடித்தது. மூளை அதிர்ச்சி. ஓய்வெடுக்க வீட்டுக்கு அனுப்பினார்கள். முதலில் நடை, பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம் என்று படிப்படியாகத் தேற வேண்டும். தலையிடி வந்தால் முந்தின படிக்கு இறங்க வேண்டும். மே முடிவதற்குள் மைதானத்தில் இறங்காவிட்டால் அடுத்த வருடம் ஒப்பந்தம் இல்லை.

கழக மருத்துவர் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார்: பொய் சொல்லாதே, வலியை மறைத்து இரண்டாவது அடி வாங்குகிறவன்தான் எழும்பாமல் போகிறான். அண்ணன் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் உண்மை சொல்லத் தொடங்கினான்.

அவனுக்கு அமைதி வேண்டும் என்று அம்மா யோகமலர் எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னார். அமைதியாக இருக்கிறானா என்று பார்க்க எல்லாரும் வந்தார்கள்.

முதலில் வந்தவர் அப்பாவின் கூட்டாளி அழகரத்தினம் மாமா.

"தம்பி, என்னைத் தெரியுதோ?"

"இல்லை."

மாமா கதிரையில் சரிந்தார். "ஐயோ, பிள்ளைக்கு எல்லாம் அழிஞ்சு போச்சு."

"மாமா, எனக்கு முந்தியும் உங்களைத் தெரியாது."

"பாத்தியளோ, முந்தித் தெரிஞ்சதையும் மறந்திட்டான்!"

அடுத்த நாள் பக்கத்து நகரமான விபோர்க்கிலிருந்து மூன்று கார்கள் வந்தன. இராசலட்சுமி மாமி தன் மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டு ஆல்பத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக் கேட்டார். "பந்தே நெளிஞ்சு கிடக்கு. அதோட விளையாடினா மண்டை நெளியாதோ?" என்றார் நடுவில். பின்னேரம் அண்ணனுக்குத் தலையிடி. சைக்கிளிலிருந்து நடைக்கு இறங்கினான்.

"நீ படிச்சனி, சொல்லன்" என்று அம்மா என்னை முன்னே தள்ளினார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான், உளவியல். மூளைக்கு ஏன் ஓய்வு தேவை என்று விளக்கினேன். "பிள்ளை வடிவாக் கதைக்குது" என்றுவிட்டு மாமி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நான் படித்தது யாருக்கு உதவும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கிழமைதான் கறுப்புப் பையோடு ஒருவர் வந்தார். "நீர் படுத்திரும்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு மூலைக் கதிரையில் அமர்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்தார், பொழுது சாயும்போது போனார். மறுநாளும் வந்தார்.

பையைப் பார்த்த சனம் அவரை டொக்டர் என்று முடிவு கட்டியது. குரல்கள் தாழ்ந்தன, ஆல்பங்கள் திரும்பிப் போயின. அழகரத்தினம் மாமா அண்ணனின் காதில் கேட்டார்:

"ஆரடா அவர்?"

"தெரியாது."

"பக்கத்தில இருக்கிற டொக்டரையே தெரியேல்லை" என்று மாமா குசினிக்குள் போய் அழுதார்.

டொக்டர் இருக்கும்போது தாங்கள் எதற்கு என்று வருகிறவர்கள் குறைந்தார்கள். அண்ணன் மீண்டும் சைக்கிளில் ஏறினான், பிறகு ஓடினான். தலையிடி வரவில்லை. மே நடுவில் பிரான்சுக்குப் போய்க் கடைசி ஆட்டத்தில் கொஞ்ச நேரம் இறங்கினான். இன்னுமொரு வருடம் ஒப்பந்தம் கிடைத்தது.

அவன் போன பிறகு அம்மா அப்பாவிடம் கேட்டார்: "உங்கட ஆள் இனி வரமாட்டாரோ?"

"என்ர ஆளோ? உம்மட ஊர் மட்டக்களப்பு ஆள் எண்டெல்லோ நான் தேத்தண்ணி குடுத்தனான்!"

அவர் யாருடைய ஆளும் இல்லை. பெயரைக்கூட ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

இந்த வருட விடுமுறைக்கு அண்ணன் அவருக்கென்று கழகச் சட்டை ஒன்று கொண்டுவந்தான். அளவு எங்கள் ஊகம்தான். நாட்டின் மறுகோடியிலுள்ள ஹ்விடோவ்ரே வரைக்கும் போன கல்யாணங்களுக்கெல்லாம் காரில் அதையும் ஏற்றிக்கொண்டு போய், மண்டபம் மண்டபமாகத் தேடினோம். அவர் எங்கும் இல்லை. அண்ணன் பிரான்சுக்குத் திரும்பிவிட்டான். சட்டை இன்னும் உறை பிரிக்காமல் எங்கள் காரின் பின்னால் கிடக்கிறது.