நான் சொன்ன புலி

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் நான் ஒரு பொய் சொன்னேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டில் புலி இருக்கிறது என்றேன். புலி இல்லை. இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. தொழிலாளர் லயத்தில் பிறந்து பட்டம் வாங்கியவன் என்ற தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது. மனைவி டயகமப் பக்கத்துப் பெண். காட்டுக்குள் ஒரு குளம் இருக்கிறதாமே, ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள் என்று கேட்டாள். என் அம்மா அட்டைக்கடியோடு காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். அவர் பிள்ளைக்கு அட்டையைக் கண்டால் கால் நடுங்கும் என்று புது மனைவியிடம் எப்படிச் சொல்வது? "அங்க புலி நடமாடுதாம்" என்றேன்.

அவள் அதைப் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது மற்றப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் செய்தி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தபோது புலிக்கு இரண்டு குட்டிகள் இருந்தன.

சிரிக்கலாம். நானும் அப்போது சிரித்தேன். ஆனால் லயத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காட்டுப் பாதையில்தான் விறகுக்குப் போவார்கள். ஒரு பக்கமாக ஏறி, குளத்தைச் சுற்றி, மறுபக்கமாக லயத்துக்குப் பின்னாலேயே இறங்கிவிடலாம். என் புலி வந்த பிறகு பெரிய ரோட்டைச் சுற்றி மூன்று மைல் தள்ளி யூக்கலிப்டஸ் காட்டுக்குப் போனார்கள். திரும்பும்போது தலையில் விறகுக் கட்டு. அடுத்த வீட்டு அக்கா ஒரு மழை நாளில் ரோட்டு வளைவில் கட்டோடு விழுந்தார். கணுக்கால் பிசகியது. குளிர் கூடினால் இன்றும் நொண்டுவார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிட மோசம், காட்டின் விளிம்பில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் குங்குமம் பூசி, புலிச்சாமி என்று பெயரும் வைத்தார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை போடுவது தோட்டத்து வழக்கம். அதோடு இந்தக் கல்லுக்கும் ஒரு தேங்காய் சேர்ந்துகொண்டது. படித்த மனிதர் கையால் ஆகட்டும் என்று முதல் தேங்காயை என்னிடம்தான் தந்தார்கள். உடைத்தேன். ஒவ்வொரு முறையும் உடைத்தேன்.

அடுப்புக்குக் காஸ் வந்தபின் விறகுப் பேச்சு குறைந்தது. பாதை மட்டும் அப்படியே கிடந்தது. போன வருடம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். குளத்துக்குச் சுற்றுப்பாதை, ஒரு மணி நேரம், சுலபமான நடை என்று மூன்று மொழியிலும் எழுதி, ஒரு தவளைப் படமும் போட்டிருந்தது. தலவாக்கலை பஸ்ஸில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

"என்னங்க, அந்தப் பொண்ணு அரைக் கால்சட்டையோட போயிட்டு வருது," என்றாள் மனைவி. "புலி இன்னைக்கு லீவா?"

புலி செத்திருக்கும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. எழுபது வயதில் இன்னொரு பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை. "ஞாயித்துக்கெழம போவோம். அக்காவையும் கூப்பிடு," என்றேன்.

போனோம். அட்டை ஏறாமலிருக்க உடுப்புச் சவுக்காரத்தைக் குழைத்து முழங்கால் வரை பூசிக்கொண்டேன். அதற்கு மேல் இரண்டு சோடிக் காலுறை. அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் என்னா, உடுப்புத் தொவைக்கவா வாறீங்க?" என்றார். கல்லுக்கு முன் நின்று கும்பிட்டார். நான் பலகையைப் படிப்பதுபோல் நின்றேன்.

பாதை உண்மையிலேயே சுலபம். மரங்களில் பாசி கம்பளிபோலத் தொங்கியது. காலடியில் இலைச்சருகு மெத்தையாக அமுங்கியது. எங்கோ மேலே ஒரு கருமந்தி எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது. வெயில் நாளாதலால் அக்காவே முன்னால் நடந்தார். அரை மணி நேரத்தில் மரங்கள் விலகிக் குளம் தெரிந்தது. பெரிய குளமில்லை. கல்லெறிந்தால் அக்கரையில் விழும். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றாள். "இதுக்கா முப்பத்தெட்டு வருசம்?" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். அதைப் பார்த்த பின் என்னால் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். புலி இல்லை, இருந்ததே இல்லை, அட்டைதான் என்றேன்.

அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கண்ணால பாத்தேனே மாஸ்டர்! வாலத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு."

"வாலத் தூக்கிக்கிட்டு ஓடுனா அது கன்னுக்குட்டி அக்கா," என்றாள் மனைவி. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் ஒரு அட்டை ஏறிக்கொண்டிருந்தது. நான் துள்ளிய துள்ளலில் அக்காவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

 பிறகு அக்கா கணுக்காலைத் தடவிக்கொண்டு, "மூணு மைலு மாஸ்டர்," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டேன். என்ன செய்யட்டும் என்றும் கேட்டேன். பதில் மனைவியிடமிருந்து வந்தது. "ஒரு கட்டு வெறகு. தலையில. பெரிய ரோட்டால."

அடுத்த ஞாயிறு யூக்கலிப்டஸ் காட்டில் சிறிய கட்டாகத்தான் கட்டித் தந்தார்கள். ஒரு மைலுக்குள் கழுத்து இறுகிவிட்டது. பஸ்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பின்னால் இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அந்த வளைவு வந்ததும் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார். "இங்கனதான் விழுந்தேன். பாத்து வாங்க," என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வளைவு தாண்டும்வரை கையை விடவில்லை.

இந்த வருடம் கவ்வாத்துக்கு முன் கல்லுக்குப் பூசை வேண்டாம் என்று லயத்துக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார்கள், இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் கல்லை எடுக்க யாருக்கும் மனமில்லை. அக்காதான் தேங்காயைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"புலியப் பெத்தவரு நீங்கதானே. ஒடைங்க."

முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவது அடியில் உடைந்தது. ஆளுக்கொரு சில்லை வாயில் போட்டுக்கொண்டு, நாங்கள் மூன்று பேரும் குளத்துப் பக்கம் ஏறினோம்.