மூன்று நிமிடப் படம்

அம்மா அஞ்சல்வழியில் சினிமாப் படிப்பு ஒன்றில் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய மாடி வீடு. அப்பா மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். "ஏதாவது படிக்கட்டுமே" என்று பெருந்தன்மையாகச் சம்மதித்திருந்தார். என்ன படிப்பு என்று அவர் கேட்கவில்லை. அம்மாவும் விரித்துச் சொல்லவில்லை.

முதல் கட்டுரைக்குத் தந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலக் குற்றப் படம். அதன் முதல் மூன்று நிமிடத்தை மட்டும் பார்த்து, கேமரா, சத்தம், டைட்டில் மூன்றும் என்ன செய்கின்றன என்று எழுத வேண்டும். நான் பள்ளிவிட்டு வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு இருவரும் உட்காருவோம். ரிமோட் என் கையில்.

"நிறுத்து. யாரும் வரலை, ஆனா காலடிச் சத்தம் மட்டும் வருது பாரு. நமக்குப் பயம் எங்கேர்ந்து வருது?"

"ஷூலேர்ந்து" என்றேன். அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

கேமரா தரையோடு கிடந்தது. மாடிப்படிக் கம்பிகளின் நிழல் சுவரில் விழ, நடிகர்களின் பெயர்கள் அவற்றுக்கு நடுவே சாய்வாக வந்து போயின. கடைசியில் சிகரெட் பிடித்த ஒரு பெண்ணின் கை. முகம் தெரியாது. இப்படியே மூன்று வாரம் பார்த்தோம். அந்த நாட்களில் பேசியதுபோல் அம்மா பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்திலிருந்து அத்தை வந்தார். எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டாமல் இருக்க முடியுமா? அப்பாவின் ஷூவை மாட்டிக்கொண்டு தடதடவென்று நடந்தேன். பென்சிலை விரலிடுக்கில் வைத்துப் புகை விட்டேன்.

"மூஞ்சியப் பாக்கக் கூடாது அத்தை, கையத்தான் பாக்கணும். அம்மா இருபது தடவை போட்டாங்க."

அத்தை காபியைக் கீழே வைத்தார். "இன்னாடா இது? பொம்பளப் புள்ளைய பக்கத்துல வச்சுகினு பாக்குற படமா?"

அப்பா கத்தவில்லை. சிரித்தார். "மூணு நிமிஷப் படத்துக்கு மூணு வாரம். நல்ல படிப்புதான்." டிவிடி பிளேயரை, ஒயரைச் சுற்றி, அத்தையின் பையில் வைத்தார். "உங்க வூட்டுப் பசங்க பாக்கட்டும்க்கா." பட டிஸ்க் அதற்குள்ளேயே இருந்தது.

"கட்டுரைய நாளைக்கு அனுப்பணும்ங்க" என்றாள் அம்மா.

"இருபது தடவை பாத்திருக்கியே, எழுதேன்."

அத்தை போன பிறகு, சமையலறைத் தரையில் நோட்டோடு உட்கார்ந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அந்தக் காலடிச் சத்தம் டைட்டில் முடியறதுக்கு முன்னாடியே நிக்குதா, அப்புறமா?"

எனக்குத் தெரியும். ஆனால் அப்பா கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவள் நோட்டை மூடினாள். கட்டுரை போகவில்லை, படிப்பும் அதோடு நின்றது.

மறுநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது அம்மா வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏக மகிழ்ச்சி.

"இனிமே தினமும் என்கூட கேரம் ஆடலாமாம்மா?"

"ஆடலாம்" என்றாள்.

அன்று ஆடிய நான்கு ஆட்டத்திலும் அவள் தோற்றாள். நான் அவ்வளவு நன்றாக ஆடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.