பாஸான மீன்

என் வீட்டுக்காரருக்குக் குடல் புண்ணாகிக் கிடக்கிறது. அகம்பாவம் மட்டும் ஒரு சீக்கும் இல்லாமல் கொழுகொழுவென்று இருக்கிறது. இரண்டு பேரும் டின் மீன் ஆலையில்தான் வேலை செய்கிறோம். நான் பேக்கிங்கில் மூடி போடுகிறவள். அவர் லேபில் உட்கார்ந்து மீனைச் சோதிக்கிறவர். ஐஸ் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தாலே மீனில் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு ஏறிவிடும். அளவுக்கு மேல் போனால் இவர் ஒரு சிவப்பு முத்திரை குத்துவார், லோடு முழுக்கத் திரும்பிப் போகும். அந்த முத்திரை கையில் இருக்கிற திமிர்தான் எல்லாம்.

பதினாறு வருடமாகப் பெருங்குடலில் அழற்சி. வந்தால் ரத்தமாகப் போகும். ஆலைக்கு வரும் வழியில் எந்தெந்தக் கடையில் கக்கூஸ் இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஹிஸ்டமினும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று நாலு வருடத்துக்கு முன் கண்டுபிடித்தார்கள். பழைய மீன், ஊறுகாய், தக்காளி, மிச்சம் வைத்துச் சூடு பண்ணியது என்று எதைத் தின்றாலும் முகம் சிவந்து, தலை வெடித்து, வயிறு கலங்கும். அதை அளப்பதற்கே சம்பளம் வாங்குகிற ஆளுக்கு இந்த வியாதி! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இன்னொரு தடவை புண் பரவினா, குடலை வெட்டி எடுத்துட்டு வயித்துல பை வைக்கணும். மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க," என்று டாக்டர் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். ரத்தம் நின்றது, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "அதான் நல்லாயிட்டேனே, அப்புறம் எதுக்கு?" குடைக்குள் நின்றுகொண்டு மழை விட்டுவிட்டது என்கிற ஆள்.

அதற்குப் பதிலாக விளம்பரத்து டப்பாக்கள் வந்து இறங்கின. சாப்பாட்டுக்கு முன் விழுங்கினால் ஹிஸ்டமினைச் செரித்துவிடுமாம், ஒரு காப்ஸ்யூல். நல்ல கிருமியாம், ஒரு பொடி. மாத்திரையைத் தவிர டாக்டர் எழுதிக் கொடுத்தது வைட்டமின் டி ஒன்றுதான். காப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டால் எதையும் தின்னலாம் என்று இவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பாஸான மீனில் மிஞ்சிய துண்டை அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். துண்டு ஐஸ் இல்லாமல் மேஜை மேலேயே மாலை வரை கிடக்கும். அதைக் கொண்டுவந்து என்னைப் பொரிக்கச் சொல்வார்.

"காலையிலேர்ந்து வெளியில கிடந்ததுங்க இது."

"நான் பாஸ் பண்ணின மீனு. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு நாள் காலையில் கக்கூஸில் சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டார். பார்த்தேன். ரத்தம். மனுஷன் என்னிடம் மூச்சு விடவில்லை. பயம் வந்தது, கூடவே ஆத்திரமும். அந்த ஆத்திரத்தில்தான் அதைச் செய்தேன்.

அன்று மாலை அவர் கொண்டுவந்த துண்டில் பாதியை உடனே ஃப்ரீசரில் ஒளித்தேன். மீதியைக் குப்பையில் போட்டுவிட்டு, கருகிப்போச்சு என்றேன். மறுநாள் ஒளித்ததை ஐஸ் போட்டு எடுத்துப் போய், லேப் உதவியாளர் அக்காவிடம் கொடுத்து, வெறும் நம்பர் ஒட்டி அவர் மேஜையில் வைக்கச் சொன்னேன்.

பதினோரு மணிக்கு லேப் வாசலில் போய் நின்றேன். மெஷினைப் பார்த்தவர் எகிறிக் குதித்தார்.

"எந்த மடையன் இதை அனுப்பினது? இதைத் தின்னா நல்லா இருக்கிறவனே படுத்துடுவான்!"

சிவப்பு முத்திரை ஓங்கி விழுந்தது.

"நேத்து சாயந்திரம் நீங்க கொண்டுவந்த மீனுங்க அது," என்றேன். "நேத்து காலையில நீங்களே பாஸ் பண்ணினது."

மெஷினில் வந்த சீட்டைப் பார்த்தார். மறுபடி சோதித்தார். அதே எண்தான் வந்தது. துண்டைத் தானே கழிவு வாளியில் போட்டார்.

மறுநாளே டாக்டரிடம் ஓடினார். மாத்திரை மறுபடி ஆரம்பமானது. பின்வழியாக ஏற்றுகிற மருந்தும் சேர்ந்துகொண்டது. இப்போது அன்றன்று சமைத்ததைச் சுடச்சுடத் தின்கிறார். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் படிக்காமல் ஒன்றைக்கூட விழுங்குவதில்லை.

இரண்டு மாதம் கழித்துக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறி வருகிறது, வெட்ட வேண்டாம் என்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யார் சொல்லித் திருந்தினீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"லேப் ரிப்போர்ட் சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.