ஷார்ஜா மாத்திரை

மெடிக்கல் கடைகளில் உடம்பு வலிக்கென்று பொட்டலம் கட்டிக் கொடுக்கிற செட் மாத்திரையில் சுண்ணாம்புப் பொடி கலக்கிறார்களாம். அதைத் தின்று பரவை மார்க்கெட்டில் ஒருத்திக்குக் கிட்னியே போய்விட்டதாம். சிம்மக்கல்லில் சரக்கு இறக்க வந்த லோடு ஆட்டோக்காரர் சொன்னதை யூனுஸ் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். ஆட்டோக்காரரும் கண்ணால் பார்த்தவர் இல்லை. அவருக்கு யாரோ சொன்னது.

மெஹருன்னிசா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கண்ட கடையில வாங்கித் தின்னா அப்படித்தான். நம்மகிட்ட இருக்கிறது ஷார்ஜா மாத்திரைல்ல."

நைட்டி தைத்துத் தைத்து இடுப்பு விட்டுப்போயிருந்த சமயத்தில் தம்பி நஜீம் அனுப்பி ஆரம்பித்தது அது. முதல் தடவை அதோடு சேலையும் செண்ட்டும் வந்தன. அப்புறம் ஷார்ஜாவிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர்கள் பெட்டியில் அவளுக்கென்று மாத்திரைதான். அவன் அங்கே ஒரு கிட்டங்கியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். "நாங்கல்லாம் இதப் போட்டுக்கிட்டுத்தான்க்கா டூட்டியிலயே நிக்கிறோம்" என்று போனில் சிரிப்பான். போன பெருநாளுக்கு வீடியோ காலில் அவன் முகம் உப்பித் தெரிந்தது. "சதை போட்டிருக்கடா, மாஷா அல்லாஹ்" என்று பூரித்துப்போனாள்.

அதுவரை அவளிடம் எதையும் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை இல்லை. விசேஷ வீடுகளில் கடைசிப் பாயில் உட்கார்ந்து பழகியவள். இப்போது முழங்கால், கழுத்து, பல்வலி என்று வாசலில் ஆள் நின்றது. "அக்கா, ஒண்ணே ஒண்ணு குடுங்க." காசு வாங்கமாட்டாள். யூனுஸ் பாய் வீட்டம்மாவுக்குக் கைராசி என்று சந்து முழுக்கப் பேச்சு. சுண்ணாம்புக் கதை பரவிய பிறகு, கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் அவளிடமே வந்தார்கள்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மடித்த தாள் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் அரபி. குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு என்பதால் அரபியைக் கடகடவென்று வாசித்துவிடுவாள், அர்த்தம்தான் தெரியாது. ஓதுகிற எழுத்து காலில் மிதிபட்டுவிடக் கூடாதே என்று அத்தனை தாளையும் அலமாரி மேல்தட்டில் அடுக்கிவைத்திருந்தாள். எதை எம்புட்டு தின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் யார் கைக்கும் எட்டாத உயரத்தில் பத்திரமாக இருந்தது.

அவளிடம் அதிகம் வாங்கியவள் மாயக்காள். செல்லூர்க்காரி. பரவை மார்க்கெட்டில் காய் எடுத்துச் சிம்மக்கல் சந்துகளில் தள்ளுவண்டியில் விற்பவள். வண்டியை எடுக்க ஒன்று, வெயிலில் ஒன்று, படுக்கப்போகையில் ஒன்று.

"ஒங்க மாத்திர இல்லேன்னா என் வண்டி வைகப் பாலத்துலயே நின்னுரும்க்கா" என்று கொத்தமல்லிக் கட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் வண்டி வரவில்லை. மறுநாளும் இல்லை. காலும் முகமும் வீங்கிப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மெஹருன்னிசா ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஓடினாள். வழக்கம்போல ஒரு அட்டை மாத்திரையும் பர்ஸில் இருந்தது.

மாயக்காளின் மகன் அழகுராஜா வார்டு வாசலில் நின்றான்.

"கிட்னி ரெண்டும் சுருங்குதாம் பெரியம்மா. எதனாலன்னு பிடிபடலங்கிறாக. காய்க்கு அடிக்கிற மருந்தா, குடிக்கிற தண்ணியான்னு கேட்டு, வீட்டுத் தண்ணியக்கூட பாட்டில்ல கொண்டாரச் சொல்லிட்டாக."

கட்டிலில் கிடந்தவளுக்கு அவளைப் பார்த்ததும் கண் மலர்ந்தது.

"வந்துட்டீகளா? கொண்டாந்தீகளாக்கா?"

"எதைடி?"

"அதத்தேன். முதுகு பிளக்குது. இங்க தரமாட்டேங்கிறாக."

"டாக்டர்ட்ட சொன்னியா, இதப் போடுறத?"

"வழக்கமா மாத்திர ஏதும் சாப்பிடுறியாம்மான்னு அன்னைக்கே கேட்டாக. எனக்கென்ன சுகரா, பிரஷரா? இல்லன்னுட்டேன். இது சும்மா வலிக்குப் போடுறது. இதப் போயி மாத்திரக் கணக்குல சேப்பாகளா?"

மெஹருன்னிசா பர்ஸை இறுக்கி மூடினாள். இப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். தண்ணீர் மேல் பழி விழும், சந்தில் அவள் பெயர் நிற்கும். ஆனால் இவள் விடமாட்டாள். வேறு யார் மூலமாவது வாங்கிப் படுக்கையிலேயே முழுங்குவாள். லோடு ஆட்டோக்காரர் சொன்ன கதையில் சுண்ணாம்பு மட்டும்தான் பொய் போல, கிட்னி போனது நிஜம்.

எழுந்து போய், பக்கத்துக் கட்டிலருகே நின்ற டாக்டரம்மாவிடம் அட்டையை நீட்டினாள்.

"இதத்தான் சாப்பிட்டுக்கிட்டிருக்கா. தினம் மூணு. ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும்."

டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னப் பெண், முகம் வாடிவிட்டது.

"வந்தன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். இப்ப கிட்னி எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது, டயாலிசிஸ் பண்ணித்தான் பாக்கணும். யார் குடுத்தது இத?"

"நாந்தான்."

அழகுராஜா கட்டிலோரம் இருந்த ஆப்பிள் பையை அவள் பக்கம் நகர்த்தினான். சத்தம் போடுவான் என்று நினைத்தாள். போட்டிருந்தால்கூடத் தேவலை.

"அந்த ஆப்பிளையும் எடுத்துட்டுப் போயிருங்க பெரியம்மா. ஓசியில வாங்குனதெல்லாம் போதும்."

"டேய், அவுக தெரிஞ்சா செஞ்சாக?" என்றாள் மாயக்காள். ஆனால் டாக்டர் அந்த அட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டபோது அவள் கண் அதன் பின்னாலேயே போனது.

"வேற யாரெல்லாம் சாப்பிடுறாங்களோ, கை கால் முகம் வீங்குதான்னு கேளுங்க. உடனே நிறுத்திட்டு ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சந்தில் ஒவ்வொரு வாசலாக மனதில் ஏறி இறங்கியவள் ஆஸ்பத்திரிப் படியில் நின்றுவிட்டாள். தம்பியின் உப்பிய முகம். மாஷா அல்லாஹ் என்று அவள் சொன்ன முகம். "ஏசிக் குளிர்ல காலு வீங்கி ஷூ ஏறமாட்டேங்குதுக்கா" என்று அன்றைக்கே அவன் சொன்னதும், அதற்குத் தான் "ரெண்டு மாத்திரை போட்டுட்டுப் படுறா" என்றதும் இப்போது சேர்ந்து வந்தன.

ஆப்பிள் பையைக் கையிடுக்கில் செருகிக்கொண்டு ஷார்ஜா நம்பரை அழுத்தினாள். டூட்டி நேரம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு எங்கேயோ மூட்டைக்குக் கீழே நின்றுகொண்டிருப்பான். மணி போய் அறுந்தது. மறுபடி அழுத்தினாள்.

"எடுடா தம்பி."

மணி போய்க்கொண்டே இருந்தது.